கண் மாறலை, நிறமும் பெயரும்தான் மாறுது! தூர்தர்ஷன் லோகோ ஏன் இத்தனை முறை பேசுபொருளாகிறது?

இதைப் படிக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. கண்ணை மூடிக்கிட்டு, தூர்தர்ஷனோட அந்தப் பழைய தொடக்க இசையை மனசுக்குள்ள ஓட்டிப் பாருங்க. 80-களில் வளர்ந்தவர்னா முழுசா ஓடும். 2000-க்குப் பிறகு பிறந்தவர்னா, மீம் வீடியோக்கள் வழியாகவோ, அப்பாவோ அம்மாவோ முனகிக் கேட்டோ பாதியாவது ஓடும். வளைகோடுகள் சுழன்று சுழன்று வந்து ஒரு கண்ணாகச் சேர்வதும் கூடவே வந்திருக்கும்.

கிட்டத்தட்ட அரை நூற்றாண்டாக அந்தக் கண் அப்படியே இருக்கிறது. இந்தியாவில் இவ்வளவு காலம் தாக்குப்பிடித்த தொலைக்காட்சிச் சின்னம் வேறு இல்லை. ஆனால் அதைச் சுற்றியிருக்கும் நிறமும் பெயரும் மாறிக்கொண்டே இருக்கின்றன. 2024-ல் டிடி நியூஸின் லோகோ சிவப்பிலிருந்து காவிக்கு மாறியபோது தலைவர்கள் மாறி மாறி அறிக்கை விட்டார்கள். அதே ஆண்டு பொங்கல் முடிந்த சில நாள்களில் 'பொதிகை' என்ற பெயர் திரையிலிருந்து மறைந்தது.

"ஒரு லோகோவுக்கா இவ்வளவு சண்டை?" என்று கேட்கலாம். கேள்வி நியாயம்தான். பதில் தெரிய, கதையை முதலிலிருந்து பார்க்கணும்.

லோகோ, ஐடென்ட், பக்: மூணும் ஒண்ணா?

இல்லை. லோகோ என்பது சேனலின் சின்னம். லெட்டர்பேட், கேமரா வண்டி, மைக்கில் மாட்டும் சதுரப் பெட்டி என எல்லா இடத்திலும் இருப்பது அதுதான்.

ஐடென்ட் என்பது நிகழ்ச்சிகளுக்கு நடுவே வரும் சில விநாடி அசையும் காட்சி. சின்னம் நகரும், இசை வரும், 'நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது இன்ன சேனல்' என்று சொல்லிவிட்டுப் போகும்.

பக் என்பது திரையின் மூலையில் எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன லோகோ. 'பூச்சி' மாதிரி ஓரத்தில் உட்கார்ந்திருப்பதால் அந்தப் பெயர்.

தூர்தர்ஷனைப் பொறுத்தவரை முதல் இரண்டும் 70-களிலேயே வந்துவிட்டன. மூன்றாவதுக்குத் தேவை வந்தது பின்னாளில். ஒரே ஒரு சேனல் இருக்கும் வீட்டில், 'நீங்கள் பார்ப்பது எந்தச் சேனல்' என்று மூலையில் எழுதி வைக்க வேண்டிய அவசியமே இல்லையே!

வகுப்பறைப் பயிற்சியில் பிறந்த கண்

இந்தியாவில் தொலைக்காட்சி தொடங்கியது 1959 செப்டம்பர் 15, டெல்லியில். அப்போது அது அகில இந்திய வானொலியின் ஒரு கிளை மட்டுமே. 1972-ல் மும்பைக்கும், 1975 ஆகஸ்ட் 15-ல் சென்னைக்கும் வந்தது. 1976 ஏப்ரல் 1-ஆம் தேதி வானொலியிலிருந்து பிரிந்து 'தூர்தர்ஷன்' தனித்துறை ஆனது. தனிக்குடித்தனம் போகும் வீட்டுக்குத் தனியாக ஒரு பெயர்ப்பலகை வேண்டும் இல்லையா? அதுதான் அந்த லோகோ.

அகமதாபாத்தில் 1961-ல் தொடங்கப்பட்ட தேசிய வடிவமைப்பு நிறுவனம், அதாவது என்.ஐ.டி, அந்தக் காலத்தில் நாட்டின் பல பொது நிறுவனங்களுக்கு முகம் வரைந்துகொண்டிருந்தது. பாரத ஸ்டேட் வங்கியின் நீல வட்டமும் சாவித்துவாரமும் அங்கே உருவானதுதான். தூர்தர்ஷன் சின்னத்துக்காக அங்கே எட்டு மாணவர்களும் ஆறு ஆசிரியர்களும் ஆளுக்கொரு வடிவம் என 14 வடிவங்களைத் தயாரித்தார்கள்.

அதில் ஒன்று தேவாஷிஷ் பட்டாச்சார்யா என்ற மாணவர் வரைந்தது. அவருக்கு அது ஆசிரியர் விகாஸ் சத்வலேக்கர் வழிகாட்டுதலில் செய்த வகுப்பறைப் பயிற்சி. நடுவில் மனிதக் கண், அதன் இரு பக்கமும் ஒன்றையொன்று சுற்றி வளைக்கும் இரண்டு வளைவுகள். சீனத்து யின்-யாங் வடிவத்தை நினைவுபடுத்தும் அமைப்பு. பிரதமர் இந்திரா காந்தியிடம் போன வடிவங்களில் அவர் தேர்ந்தெடுத்தது இதைத்தான்.

அப்படி என்ன இருக்கு அந்த டிசைன்ல?

இன்னைக்கு நம்ம போனில் பார்க்கிற லோகோக்களோடு ஒப்பிட்டால் இது ரொம்ப சிம்பிள். அந்த எளிமைதான் அதன் பலம். மூணு விஷயத்தைச் சொல்லலாம்.

ஒண்ணு, நிறமே தேவையில்லை. அன்றைய ஒளிபரப்பு கறுப்பு வெள்ளை. ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி வைத்தாலும் புள்ளி புள்ளியாய்த்தான் படம் தெரியும். அந்த மங்கலிலும் அடையாளம் தெரிய வேண்டுமென்றால், தடிமனான கோடுகளும் தெளிவான இடைவெளியும் வேண்டும். இதில் இரண்டும் இருந்தன.

ரெண்டாவது, எழுத்தே கிடையாது. 'தூர்தர்ஷன்' என்று கீழே எழுதிக்கொள்ளலாம், எழுதாமலும் விடலாம். சின்னத்துக்குள் இந்தி எழுத்தும் இல்லை, ஆங்கில எழுத்தும் இல்லை. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் நினைவு இன்னும் மறையாத தமிழ்நாட்டில், டெல்லியிலிருந்து வந்த ஒரு சின்னம் எந்த மொழியும் பேசாமல் வீட்டுக்குள் நுழைந்தது சாதாரண விஷயமில்லை.

மூணாவது, அது அசையத் தயாரான வடிவம். வளைவுகளைச் சுழற்றினாலே போதும், ஒரு காட்சி கிடைத்துவிடும். கணினி இல்லாத காலத்தில் இதைச் செய்தவர் என்.ஐ.டி-யின் ஆர்.எல்.மிஸ்திரி. வடிவத்தின் பிரதிகளைக் கேமராவுக்குக் கீழே வைத்து, திருப்பித் திருப்பிப் படம்பிடித்து, கடைசியில் அவை கண்ணாகச் சேரும்படி அமைத்தார். இன்னைக்கு ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் தெரிந்த ஒருவர் டீ ஆறுவதற்குள் முடித்துவிடும் வேலை. அன்று ஒவ்வொரு ஃப்ரேமும் கைவேலை.

இசை அமைத்தவர் பண்டிட் ரவிசங்கர். ஷெனாய் கலைஞர் உஸ்தாத் அலி அகமது ஹுசைன் கானோடு சேர்ந்து அதை உருவாக்கினார். பரபரப்பே இல்லாத, நிதானமான, கொஞ்சம் சோகம் கலந்த இசை. 1976 ஏப்ரல் 1-ஆம் தேதி அது முதன்முறையாகத் திரையில் ஒலித்தது.

அந்தத் தேதியில் ஒரு முரண்

1976 ஏப்ரல். ஞாபகம் வருதா? நாட்டில் நெருக்கடி நிலை அமலில் இருந்த காலம். 1975 ஜூனில் தொடங்கிய அது 1977 மார்ச் வரை நீடித்தது. பத்திரிகைகளுக்குத் தணிக்கை. வானொலியும் தொலைக்காட்சியும் நேரடியாக அரசின் கையில்.

ஆக, 'எல்லாவற்றையும் பார்க்கும் கண்' என்ற சின்னத்தோடு ஒரு நிறுவனம் கண் திறந்த நேரத்தில், அது எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது என்று அரசுதான் சொல்லிக்கொண்டிருந்தது. நெருக்கடி நிலை முடிந்த பிறகு அமைந்த பி.ஜி.வர்கீஸ் குழு, வானொலியையும் தொலைக்காட்சியையும் அரசிடமிருந்து விலக்கித் தன்னாட்சி கொடுக்க வேண்டும் என்று 1978-ல் பரிந்துரைத்தது. அதற்கான பிரசார் பாரதி சட்டம் நிறைவேறியது 1990-ல். நடைமுறைக்கு வந்தது 1997-ல். பரிந்துரைக்கும் நடைமுறைக்கும் நடுவே கிட்டத்தட்ட இருபது வருஷம்!

அதனால், 'அந்தக் காலத்து தூர்தர்ஷன் தூய்மையானது, இப்போதான் எல்லாம் கெட்டுப்போச்சு' என்று சொன்னால் அது உண்மையாகாது. இந்தக் கண் பிறந்த நாளிலிருந்தே அதன் பார்வை யாருடையது என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

தமிழ்நாட்டு வீடுகளில் அந்தக் கண்

சென்னையில் எந்த வீட்டில் டிவி இருக்கிறதோ, அந்த வீட்டுத் திண்ணை வெள்ளிக்கிழமை மாலை நிறைந்துவிடும். காரணம், 'ஒளியும் ஒலியும்'. விவசாயிகளுக்கு 'வயலும் வாழ்வும்', நேயர் கடிதங்களுக்கு 'எதிரொலி'. இடையில் ஒளிபரப்பு அறுந்தால் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்ற அட்டை. சொல்லப்போனால், பலருக்கு லோகோவைவிட அதிகம் ஞாபகம் இருப்பது அந்த அட்டைதான்.

1982-ல் இரண்டு மாற்றங்கள் சேர்ந்து வந்தன. வண்ண ஒளிபரப்பு தொடங்கியது. டெல்லியிலிருந்து நாடு முழுவதற்குமான தேசிய நிகழ்ச்சியும் தொடங்கியது. அந்த ஆண்டு நவம்பரில் டெல்லியில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகவே பலர் கலர் டிவி வாங்கினார்கள். கண்ணுக்கு முதன்முறையாக நிறம் வந்தது இந்தக் காலத்தில்தான். தமிழில் ஓடிக்கொண்டிருந்த திரை இரவானால் இந்திக்கு மாறியதும் இந்தக் காலத்தில்தான். மொழியே பேசாத அந்தச் சின்னத்துக்குக் கீழே, திரை என்ன மொழி பேசுகிறது என்ற பிரச்சினை தமிழ்நாட்டில் அப்போதே ஆரம்பித்துவிட்டது.

ரிமோட் வந்தது, மூலையில் பூச்சி வந்தது

1991-ல் ஸ்டார் டிவி, 1992-ல் ஜீ டிவி, 1993 தமிழ்ப் புத்தாண்டன்று சன் டிவி. இரண்டே வருஷத்தில் வீட்டு டிவியின் கதை மாறிப்போனது. கேபிள் வந்தது, கூடவே ரிமோட்டும் வந்தது. சேனல் மாற்ற எழுந்து போக வேண்டிய அவசியம் இல்லை என்றதும், ஒரு பார்வையாளர் ஒரு சேனலில் நிற்கும் நேரம் விநாடிக் கணக்குக்கு வந்துவிட்டது. இருபது விநாடி நிதானமாகச் சுழன்று வரும் ஐடென்டுக்கு யார் காத்திருப்பார்கள்?

அந்த இடத்தை மூலையில் நிற்கும் பக் பிடித்தது. அதற்கு மூன்று வேலை. தாவிக்கொண்டே போகிறவருக்கு 'இது நான்தான்' என்று சொல்வது முதல் வேலை. தன் காட்சியை இன்னொரு சேனல் எடுத்துப் போட்டால் காட்டிக்கொடுப்பது இரண்டாவது. இப்போது மூன்றாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. வாட்ஸ்அப்பில் வரும் 30 விநாடி கிளிப்பை நம்பலாமா வேண்டாமா என்று நாம் முடிவெடுப்பதே மூலையில் இருக்கும் அந்த லோகோவைப் பார்த்துத்தானே? போலிச் செய்தி தயாரிப்பவர்கள் முதலில் ஒட்டுவதும் ஒரு பிரபல சேனலின் லோகோவைத்தான்.

பக் பல சேனல்களில் பாதி மங்கலாகத் தெரிவதைக் கவனித்திருக்கிறீர்களா? ஒரே இடத்தில் ஒரே வெளிச்சம் மணிக்கணக்கில் நின்றால், பிளாஸ்மா, ஓஎல்இடி மாதிரியான திரைகளில் அதன் நிழல் நிரந்தரமாகப் பதிந்துவிடும். படம் பார்ப்பவருக்கு இடைஞ்சல் வேறு. அதனால் பொழுதுபோக்குச் சேனல்கள் அதை மங்கலாக்குகின்றன. செய்திச் சேனல்கள் நேர்மாறு. அடர்ந்த நிறத்தில், அழுத்தமாக, எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். செய்திச் சேனலின் நிறம் பெரிய விஷயமாவது இதனால்தான்: நாள் முழுக்க, ஒவ்வொரு செய்தியின் மேலும், அதுதான் நிற்கும்.

2017: "உங்களுக்குப் புது லோகோ வேணுமா?"

போட்டிக்கு நடுவே தூர்தர்ஷன் தன் தோற்றத்தை அவ்வப்போது மாற்றிப் பார்த்தது. 2003 நவம்பரில் டிடி நியூஸ் தனிச் சேனலாக வந்தது. 2014 நவம்பரில் டிடி நேஷனல், இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த புது நிறத்தோடும் 'தேசத்தின் சொந்தச் சேனல்' என்ற பொருள் தரும் இந்தி வாசகத்தோடும் வந்தது. ஆனால் யாரும் கண்ணில் கை வைக்கவில்லை.

2017 ஜூலையில்தான் பிரசார் பாரதி அதற்கும் தயாரானது. புது லோகோவுக்குப் பொதுமக்களிடமே வடிவம் கேட்டு, பரிசுத்தொகையோடு போட்டி அறிவித்தது. காரணம், நாட்டில் இளைஞர்கள்தான் அதிகம், தாராளமயத்துக்குப் பிறகு பிறந்த அவர்களுக்குப் பழைய தூர்தர்ஷன் மீது ஏக்கம் எதுவும் கிடையாது என்ற கணக்கு.

கணக்கு பாதி சரி, பாதி தப்பு. வடிவங்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தன, ஐந்து சுருக்கப்பட்டியலும் ஆனது. கூடவே 'அந்தக் கண்ணைத் தொடாதீங்க' என்ற குரலும் பலமாக எழுந்தது. கடைசியில் கண் மாறவில்லை. அடுத்த சில ஆண்டுகளில், 2020 ஊரடங்கு நேரத்தில் மார்ச் 28-ல் தொடங்கி 'ராமாயணம்' மறுஒளிபரப்பானபோது, ஏக்கமே இல்லை என்று கணக்குப் போடப்பட்ட அதே தலைமுறை வீட்டாரோடு உட்கார்ந்து அந்தச் சின்னத்தைப் பார்த்தது.

2024 ஜனவரி: பெயர் போச்சு

சென்னைத் தொலைக்காட்சியின் தமிழ்ச் சேனல் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக 'பொதிகை' என்ற பெயரில் இருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் அகத்தியரோடும் தமிழோடும் சேர்த்துச் சொல்லப்படும் மலை. தாமிரபரணி பிறக்கும் இடம். 2024 ஜனவரி 19-ஆம் தேதி, சென்னையில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியின் தொடக்க விழாவில், பிரதமர் நரேந்திர மோடி புதுப்பிக்கப்பட்ட சேனலைத் தொடங்கி வைத்தார். அன்றிலிருந்து அது 'டிடி தமிழ்'.

இதற்கு ஆதரவாகவும் ஒரு வாதம் உண்டு. 'பொதிகை' என்று தேடினால் வெளிமாநிலத்தவருக்கு அது தமிழ்ச் சேனல் என்று தெரியாது. 'டிடி தமிழ்' என்றால் செட்டாப் பாக்ஸ் பட்டியலிலேயே புரிந்துவிடும். மலையாளத்துக்கு டிடி மலையாளம், வங்காளத்துக்கு டிடி பங்களா என்று முன்பே இருக்கிறது.

ஆனால் அதே குடும்பத்தில் மராத்திச் சேனல் 'சஹ்யாத்ரி', குஜராத்திச் சேனல் 'கிர்னார்', கன்னடச் சேனல் 'சந்தனா', ஆந்திரத்துச் சேனல் 'சப்தகிரி'. சஹ்யாத்ரி, கிர்னார், சப்தகிரி மூன்றும் மலைகளின் பெயர்கள். பொதிகை மாற்றப்பட்டபோது இவற்றின் பெயர்கள் அப்படியே இருந்தன. 'எங்க மலைக்கு மட்டும் என்ன?' என்று தமிழ்நாட்டில் கேட்டவர்களின் கேள்வி இதுதான்.

2024 ஏப்ரல்: நிறம் மாறிச்சு

மூன்று மாதம் கழித்து, ஏப்ரல் 16-ஆம் தேதி, டிடி நியூஸ் எக்ஸ் தளத்தில் ஒரு வீடியோ போட்டது. எங்கள் விழுமியங்கள் மாறவில்லை, ஆனால் புதிய அவதாரத்தில் வருகிறோம் என்பது அதன் சாரம். சிவப்பு லோகோ காவி நிறத்தில் வந்தது.

தேதியைக் கவனியுங்கள். மார்ச் 16 முதல் தேர்தல் நடத்தை விதிகள் அமலில் இருந்தன. தமிழ்நாட்டின் 39 தொகுதிகளுக்கும் வாக்குப்பதிவு ஏப்ரல் 19. அதாவது, நாம் ஓட்டுப் போடப் போவதற்கு மூன்று நாள் முன்பு.

பிரசார் பாரதியின் முன்னாள் தலைமைச் செயல் அதிகாரியும் அப்போதைய திரிணமூல் எம்.பி-யுமான ஜவஹர் சர்கார், இது 'பிரசார் பாரதி' அல்ல, 'பிரச்சார் பாரதி' என்று சாடினார். மேற்கு வங்க முதல்வராக இருந்த மம்தா பானர்ஜி, தேர்தல் நேரத்தில் இதை எப்படி அனுமதிக்கலாம் என்று தேர்தல் ஆணையத்தை நோக்கிக் கேட்டார். முதல்வராக இருந்த மு.க.ஸ்டாலின், வள்ளுவருக்குக் காவி பூசியது, வானொலியை ஆகாசவாணி ஆக்கியது, பொதிகை பெயரை நீக்கியது என்ற வரிசையில் இதையும் சேர்த்துக் கண்டித்தார்.

பிரசார் பாரதியின் தலைமைச் செயல் அதிகாரி கவுரவ் திவேதியின் விளக்கம் வேறு. அது ஆரஞ்சு நிறம், ஜி20 மாநாட்டுக்கு முன்பே டிடி இந்தியா சேனலுக்கும் இதே மாதிரி நிறம் கொடுக்கப்பட்டது, காட்சி அழகுக்காகவும் சேனலின் அடையாளத்துக்காகவும் எடுத்த முடிவு என்றார்.

'தூர்தர்ஷன் 1959-ல் தொடங்கியபோதே லோகோ காவிதான்' என்ற வாதமும் அப்போது சுற்றியது. இதைச் சரிபார்க்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. கண் சின்னம் வந்ததே 70-களில். வண்ண ஒளிபரப்பு 1982-ல். 1959-ல் டிவி பார்த்த யாரும் திரையில் எந்த நிறத்தையும் பார்த்திருக்க முடியாது, காவியோ, சிவப்போ, பச்சையோ.

சரி, யார் சொல்வது சரி?

நிறத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் சண்டை முடியவே முடியாது. ஒருவருக்கு ஆரஞ்சு, இன்னொருவருக்குக் காவி. உலகத்தில் ஆரஞ்சு லோகோ வைத்த சேனல்களும் உண்டு, அதற்காக யாரும் கோபப்படுவதில்லை.

எனவே, எப்படி முடிவெடுத்தார்கள் என்று பார்ப்பது உதவும். ஒரு தனியார் சேனல் லோகோவை மாற்றினால் அது முதலாளியின் இஷ்டம். பிடிக்கலைன்னா வேற சேனல் பார்க்கலாம். தூர்தர்ஷன் அப்படியில்லை. அது நம் வரிப்பணத்தில் ஓடுகிறது. சட்டப்படி அது ஆளுங்கட்சிக்குச் சொந்தமில்லை, அரசுத் துறையும் இல்லை, தன்னாட்சி பெற்ற பொது ஒளிபரப்பு நிறுவனம்.

அதன் வரலாற்றில் மூன்று வகையான முடிவுகளைப் பார்த்துவிட்டோம். 70-களில் 14 வடிவங்கள் தயாராகி, பிரதமர் ஒருவர் தேர்ந்தெடுத்தார். 2017-ல் மக்களிடம் வெளிப்படையாகக் கேட்டார்கள், மக்களும் பதில் சொன்னார்கள். 2024-ல் பார்வையாளர்களிடம் கேட்கவே இல்லை. பெயரும் நிறமும் மாறிய பிறகு, விழா மேடையிலும் வீடியோவிலும் பார்த்துத் தெரிந்துகொண்டோம். தேர்தல் முடிய ஏழு வாரம் காத்திருந்தால் குறைந்தபட்சம் நேரம் பற்றிய கேள்வியாவது எழுந்திருக்காது.

பார்வையாளர்களிடம் கேட்ட அந்த ஒரே முறை, கண் தப்பித்தது என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

இனி என்ன?

சின்னங்களின் இடம் சுருங்கிக்கொண்டே வருகிறது. 21 இன்ச் திரையின் மூலையிலிருந்து, யூடியூபில் சேனல் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டி வட்டத்துக்கு வந்துவிட்டது. பல சேனல்களின் லோகோ அந்த வட்டத்துக்குள் என்ன என்றே தெரிவதில்லை. 14 இன்ச் கறுப்பு வெள்ளைத் திரைக்காக ஒரு மாணவர் வரைந்த கண் அதற்குள்ளும் தெளிவாகத் தெரிகிறது.

நேரம் கிடைத்தால் இன்னைக்கே உங்க வீட்டில் நாற்பது வயதைத் தாண்டிய ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, யூடியூபில் அந்தப் பழைய ஐடென்டைப் போட்டுக் காட்டுங்க. 'லோகோ எப்படி இருக்கு?' என்று கேட்க வேண்டாம். 'அந்தக் காலத்துல இதுல வர்ற செய்தியை நம்பினீங்களா?' என்று கேளுங்க. அப்புறம் இன்றைய டிடி நியூஸைப் போட்டு அதே கேள்வியைத் திரும்பக் கேளுங்க. வீட்டுக்கு வீடு பதில் வேறாக இருக்கும், ஆனால் அடுத்த முறை லோகோ மாறும்போது, அறிக்கைகளைப் படிப்பதற்கு முன் நம்மிடமும் ஒரு கருத்து இருக்கும்.